நாலரை அடி உயரத்தில்

கொல்லிமலையில் தானே இயங்கியதாகச் சொல்லப்படும் முதல் பொருள் ஒரு பெண்ணுருவம். நற்றிணையிலும் குறுந்தொகையிலும் அகநானூற்றிலும் வரும் கொல்லிப்பாவை தெய்வம் அமைத்தது. காற்று மோதினாலும் நிலம் நடுங்கினாலும் அழகு குன்றாதது. சங்கப் பாடல்களில் அது தலைவியின் அழகுக்கு ஓர் உவமை, அவ்வளவுதான். அதற்குள் பொறியை வைத்தது பிற்கால மரபு. ஆள் நெருங்குவதை உணரும், சிரிக்கும், சிரித்து மயக்கிக் கொல்லும், மலையைக் காக்கும் என்று கதை வளர்ந்தது. ஆளரவம் கேட்டதும் விளக்கு எரியும் இன்றைய சென்சாருக்கு நம் மொழியில் இதைவிடப் பழைய மூதாதை கிடைக்காது. அந்தப் பாவைக்கு என்ன வேண்டும் என்று மட்டும் எந்தப் புலவரும் கேட்டதில்லை.

சீவக சிந்தாமணியில் இன்னொரு பொறி வருகிறது. விசயை தீக்கனவு கண்டபின், கருவுற்றிருக்கும் அவளுக்காகச் சச்சந்தன் தச்சனைக் கொண்டு மயிற்பொறி செய்விக்கிறான். செய்வித்ததோடு நிற்கவில்லை, அதை இயக்க அவளுக்குக் கற்றும் கொடுக்கிறான். வலப்பக்கம் திருகினால் மயில் எழுந்து பறக்கும். இடப்பக்கம் திருகினால் கால் குவித்து இறங்கும். இரண்டே நிலைகள். கட்டியங்காரன் அரண்மனையைச் சூழ்ந்தபோது அரசன் வீழ்கிறான். அவள் பறந்து தப்பிச் சுடுகாட்டில் இறங்கிச் சீவகனைப் பெறுகிறாள். பெருங்காப்பியம் ஒன்று தொடங்குவதற்கு அவள் விரல்களுக்கு அந்த இரண்டு திருப்பங்கள் தெரிந்திருக்க வேண்டியிருந்தது. சிந்தாமணி நடத்தும் வகுப்புகளில் இந்த இடத்தை அவசரமாகக் கடந்து எட்டு மணங்களுக்குப் போய்விடுவது வழக்கம். நான் இங்கே கொஞ்சம் நிற்பேன்.

புதிதாக வீடு கட்டுகிறவர்களிடம் இப்போது ஒரு கேள்வி வைக்கப்படுகிறது. விளக்கு, விசிறி, ஏசி, திரைச்சீலை, வாசற்கதவு எல்லாவற்றையும் இணைத்து இயக்குவதற்குச் சுவரில் கம்பியிழுத்துப் பொருத்திய பொத்தான்கள் வேண்டுமா, கண்ணாடித் தொடுதிரை வேண்டுமா, கைபேசியே போதுமா? விற்பவர்கள் இதை அழகு, விலை பற்றிய கேள்வியாக வைக்கிறார்கள். வீட்டுக்குள் யாருடைய கை எதுவரை எட்டலாம் என்ற பழைய கேள்வியாகவே எனக்கு அது கேட்கிறது. அதற்கு நூறாண்டுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு. அந்த வரலாற்றைக் குண்டூர் நாட்டிலிருந்து பார்த்தால் சில விஷயங்கள் துலக்கமாகத் தெரிகின்றன.

காரவள்ளியிலிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் கொல்லிமலை. அதன் பதினான்கு ஊராட்சிகளும் இன்னமும் 'நாடு' என்ற பழைய பெயரைத் தாங்கியிருக்கின்றன. குண்டூர் நாடு அவற்றில் ஒன்று. மலையாளிப் பழங்குடியினரின் நிலம். சாமையும் தினையும் கேழ்வரகும் விளைந்த இடத்தில் இன்று மரவள்ளியும் மிளகும் காப்பியும் மிகுதி. சென்னையில் 1895இலேயே மின்சார டிராம் ஓடியது. பைக்காரா நீர்மின் நிலையம் 1932இல் இயங்கத் தொடங்கியது. மேட்டூர் மின்சாரம் 1937இல் வந்தது. அந்தக் கம்பிகள் கோவையின் ஆலைகளையும் சமவெளியின் பம்பு செட்டுகளையும் நோக்கிப் போயின. மலைக்குடிகள் வரிசையின் கடைசியில் நின்றார்கள். மலைகளிலிருந்து விழும் தண்ணீர் விளக்காக மாறி மலைக்கே திரும்பி வரப் பல பத்தாண்டுகள் பிடித்தன.

அதுவரை வெளிச்சம் என்பது பெண்களின் வேலை. காடா விளக்குக்குத் திரி திரிப்பது, ரேஷன் மண்ணெண்ணெயை மாதக் கடைசிவரை இழுத்துப் பிடிப்பது, அரிக்கேன் கண்ணாடியைச் சாம்பல் தொட்டுத் துடைப்பது. கண்ணாடிக்குள் கை நுழையும் அளவுக்குச் சிறிய கை வேண்டும் என்பதால் அந்தக் கடைசி வேலை சிறுமிகளுக்கு விழுந்தது. விளக்கை ஏற்றுவதும் தணிப்பதும் அவர்களே. எண்ணெய் மிச்சம் பிடிப்பதற்காக எப்போது அணைப்பது என்பதையும் பெரும்பாலும் வீட்டு மூத்தவள் முடிவு செய்தாள். உழைப்பு அவளுடையது, கட்டுப்பாடும் ஓரளவு அவளுடையது. மின்சாரம் வந்தபோது அந்த உழைப்பு போயிற்று. அதற்காக யாரும் அழ வேண்டியதில்லை. கூடவே போன இன்னொன்றை நாம் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

தமிழ்நாட்டின் குடிசை மின் இணைப்பு நீண்ட காலம் 40 வாட் பல்பு ஒன்றுக்கு மட்டுமே அனுமதி. மத்திய அரசின் குடிர் ஜோதித் திட்டமும் (1988-89) ஒரு வீட்டுக்கு ஒரு விளக்கு என்ற கணக்கில்தான் தொடங்கியது. ஒரே ஒரு பல்பை வீட்டில் எங்கே மாட்டுவது? பெரும்பாலும் முன்கூடத்தில், அல்லது திண்ணைக்கும் கூடத்துக்கும் பொதுவாக நிலைக்கதவின் மேல். விருந்தாளி அமரும் இடம், ஆண்கள் பேசும் இடம், பிள்ளைகள் படிக்கும் இடம். அடுப்பங்கரை அடுப்பின் வெளிச்சத்திலேயே இருந்தது. திட்டம் எழுதியவர்கள் அப்படி எழுதவில்லை என்பது உண்மை. 'வீடு' என்று சொன்னதும் எந்த இடம் அவர்கள் கண்ணில் தெரிந்தது என்பதுதான் விஷயம். அம்பையின் 'வீட்டின் மூலையில் ஒரு சமையலறை' தொகுப்பு 1988இல் வந்தது; அதன் தலைப்புக் கதையில் சமையலறையை ஒட்டிச் சிறு மாற்றம் செய்யலாமே என்று மருமகள் கேட்கிறாள், மறுக்கப்படுகிறாள். டெல்லிக் கோப்பும் தமிழ்ச் சிறுகதையும் ஒரே காலத்தில் ஒரே மூலையைச் சுற்றி வந்திருக்கின்றன.

இணைப்பு யார் பெயரில் என்பது அடுத்தது. 2022 நவம்பரில் மின் இணைப்புகளோடு ஆதார் எண்ணை இணைக்கச் சொன்னபோது தமிழ்நாடெங்கும் குடும்பங்கள் பழைய அட்டைகளைத் தேடின. இறந்துபோன தாத்தாவின் பெயரில், எங்கோ போன பெரியப்பாவின் பெயரில் இணைப்புகள் இருந்தன. தினமும் அந்த மின்சாரத்தைப் புழங்குகிறவள் பெயரில் இருந்தவை எத்தனை என்று அவரவர் வீட்டு அட்டையைப் பார்த்தே சொல்லிவிடலாம். ஆனாலும் பெயர் யாருடையதாக இருந்தாலும் சுவிட்சைத் தட்டினால் விளக்கு எரிந்தது. தட்டுகிற விரல் யாருடையது என்று பேக்கலைட் குமிழ் விசாரித்ததில்லை. இந்தச் சின்ன அலட்சியத்தை நான் மிகவும் மதிக்கிறேன்.

பழைய வீடுகளின் ரீப்பர் ஒயரிங் நினைவிருக்கும். தேக்குப் பட்டையில் வரிசையாக ஆணியடித்துச் சுவரின்மேல் ஓடும் ஒயர், மரப்பலகை, அதில் உருண்டையான கறுப்பு டம்ளர் சுவிட்சு. கீழே தள்ளினால் எரியும், மேலே தள்ளினால் அணையும். 'டக்' என்று ஓசை வரும். அந்த ஓசைக்குக் காரணம் ஜான் ஹென்றி ஹோம்ஸ் 1884இல் நியூகாசிலில் உருவாக்கிய அமைப்பு. உள்ளே இருக்கும் சுருள்வில் தொடர்பைச் சட்டென்று துண்டிப்பதால் தீப்பொறி நீளாது, சுவிட்சு கருகாது. பிறகு பியானோ சுவிட்சு வந்தது, அதன்பின் மாடுலர். வடிவம் மாறினாலும் தரையிலிருந்து நாலடி, நாலரை அடி என்ற உயரம் மாறவில்லை. நின்றுகொண்டிருக்கும் ஆணின் முழங்கைக்கு மேல், தோளுக்குக் கீழ். தரையில் உட்கார்ந்து அரைப்பவளின், நறுக்குபவளின், பிள்ளைக்குப் பால் கொடுப்பவளின் உயரத்துக்கு யாரும் சுவிட்சு வைக்கவில்லை. வீட்டு வேலையில் பாதி தரையில் நடந்த காலத்தில் வகுக்கப்பட்ட உயரம் இது. சக்கர நாற்காலிக்காரர்கள் கேட்கத் தொடங்கிய பிறகுதான் சில கட்டடங்களில் பலகை கொஞ்சம் கீழே இறங்கியிருக்கிறது.

இந்த முடிவுகள் எடுக்கப்பட்ட அறைகளில் பெண்கள் அநேகமாக இல்லை. இருந்த இடங்களில் என்ன நடந்தது என்று பார்க்கலாம். பிரிட்டனில் 1924இல் பெண்களுக்கான மின்சாரச் சங்கம் உருவானது. அதை நடத்திய கரோலின் ஹாஸ்லெட் ஒரு பொறியாளர். இரண்டாம் உலகப் போர் முடிவதற்குள், போருக்குப் பிந்தைய வீடுகளின் மின் அமைப்பை வகுக்க இருபது பேர் கொண்ட குழு அமைந்தது. அதில் ஒரே பெண் அவர். குழந்தை விரலோ ஆணியோ நுழைய முடியாதபடி உள்ளே மூடி கொண்ட பிளக் சாக்கெட் அந்தக் குழுவின் சிந்தனையிலிருந்து வந்தது. 1947இல் பிரிட்டனின் தரமாயிற்று. நம் வீட்டுச் சாக்கெட்டுகளில் இன்று விற்கும் 'ஷட்டர்' அதே எண்ணத்தின் வழிவந்தது. குழந்தை தவழும் தரையைக் கவனித்தவர் மேசையில் ஒருவராவது இருந்தார்.

சென்னையிலும் ஒருவர் இருந்தார். ஏ. லலிதா பதினைந்து வயதில் மணமானவர், பதினெட்டில் கைக்குழந்தையோடு கைம்பெண்ணானவர். கிண்டி பொறியியல் கல்லூரியில் சேர்ந்து 1943இல் மின்பொறியியல் முடித்து, இந்தியாவின் முதல் பெண் மின்பொறியாளராக அறியப்படுகிறார். அவருக்குத் தரப்பட்ட சான்றிதழில் 'அவன்' என்று ஏற்கெனவே அச்சாகியிருந்ததை அடித்துவிட்டுக் கையால் 'அவள்' என்று எழுதிக் கொடுத்தார்கள். கல்கத்தாவில் வேலை பார்த்தபோது மின்கடத்தல் வழிகளை வடிவமைத்தார். பக்ரா நங்கல் அணையின் ஜெனரேட்டர் பணியிலும் அவர் பங்கு உண்டு. 1964இல் நியூயார்க்கில் நடந்த முதல் சர்வதேசப் பெண் பொறியாளர், விஞ்ஞானியர் மாநாட்டுக்குப் போனார். பள்ளிப் பாடங்களில் இடம்பெற வேண்டிய பெயர். நான் படித்த எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லை.

மலைக்குத் திரும்புவோம். குண்டூர் நாட்டிலும் பக்கத்து நாடுகளிலும் சிறுதானியம் ஏன் குறைந்தது என்று கேட்டால் சந்தை, ரேஷன் அரிசி, மரவள்ளிக்கு வந்த விலை என்று பட்டியல் நீளும். பட்டியலில் பின்னால் தள்ளப்படும் காரணம் ஒன்று, உலக்கை. சாமையின் உமி கெட்டியாக ஒட்டியது. குத்திப் புடைத்து, மறுபடி குத்திப் புடைத்து, ஒரு வேளைச் சோற்றுக்கே தோள்கள் இற்றுவிடும். சாமைச் சோற்றின் ருசியைப் பற்றிப் பாட்டெழுதுகிறவர்கள், என்னையும் சேர்த்து, இதை மறக்கக் கூடாது. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் கொல்லிமலையில் சிறுதானியங்களைக் காக்கும் பணியில் இறங்கியபோது, விதையைச் சேமிப்பதோடு உமி நீக்கும் சிறு இயந்திரங்களையும் ஊர்களுக்குள் கொண்டுவந்தது. அவற்றை நடத்தும் பொறுப்பு சுய உதவிக் குழுக்களிடம் வந்தது. மலைப் பெண்கள் மோட்டார் விசையைக் கையில் எடுத்தது அங்கேதான். சிவப்பும் பச்சையுமாக இரண்டு பொத்தான்கள். பச்சையை அழுத்தினால் ஓடும், சிவப்பை அழுத்தினால் நிற்கும். விசயையின் வலமும் இடமும்.

அரசு வீட்டுக்குள் அனுப்பிய விசைகளுக்கும் தனி வரலாறு எழுதலாம். 2006இல் வண்ணத் தொலைக்காட்சி வந்தது, ரிமோட்டோடு வந்தது, அது யார் மடியில் கிடந்தது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. 2011 செப்டம்பர் 15 முதல் மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறி. கிரைண்டர் கோவையில் 1955இல் பி. சபாபதி உருவாக்கியது. ஆட்டுக்கல்லின் முன் குந்தியிருந்த தலைமுறையை அது எழுப்பி நிற்க வைத்தது. இலவசம் என்று இளித்தவர்களில் எத்தனை பேர் ஒருநாளாவது ஆட்டுக்கல்லைச் சுற்றியிருப்பார்கள்?

இந்தக் கட்டத்தில்தான் 'வீட்டுத் தானியக்கம்' வருகிறது, நாம் இல்லாத இன்னொரு அறையிலிருந்து. 1969இல் அமெரிக்காவின் நைமன் மார்கஸ் கடை தன் பண்டிகைக்கால விற்பனை ஏட்டில் ஹனிவெல் நிறுவனத்தின் 'சமையலறைக் கணினி'யை 10,600 டாலருக்கு அறிவித்தது. சமையல் குறிப்புகளைச் சேமிக்கலாம் என்றார்கள். அதை இயக்க வரிசையாக நிற்கும் சிறு சுவிட்சுகளைத் தட்டி எண்களாக உள்ளிட வேண்டும், பதிலை மினுக்கும் விளக்குகளில் படிக்க வேண்டும்; கற்றுக்கொள்ள இரண்டு வார வகுப்பு. ஒன்றுகூட விற்றதாகப் பதிவில்லை. 1975இல் ஸ்காட்லாந்தின் பிக்கோ எலெக்ட்ரானிக்ஸ் 'எக்ஸ்10' முறையை உருவாக்கியது. வீட்டில் ஏற்கெனவே இருக்கும் மின்கம்பிகளின் வழியாகவே விளக்குக்குக் கட்டளை போகும். ஐரோப்பாவில் 1990களில் பல நிறுவனங்கள் சேர்ந்து பொதுவான கம்பி முறை ஒன்றை வகுத்தன. இன்று அது கேஎன்எக்ஸ் எனப்படுகிறது. நார்வே ஆய்வாளர் ஆன்-யோருன் பெர்க் அக்காலத்தில் அமெரிக்காவின் மூன்று 'புத்திசாலி வீட்டு' மாதிரிகளைப் போய்ப் பார்த்து 1994இல் எழுதினார். விளக்கு, பாதுகாப்பு, பொழுதுபோக்கு, எரிசக்தி எல்லாவற்றையும் யோசித்திருந்த வடிவமைப்பாளர்கள் வீட்டு வேலையைப் பற்றி யோசித்திருக்கவில்லை. துவைப்பது, துடைப்பது, சமைப்பது, கிடத்துவது எதுவும் அவர்கள் வீட்டில் நடக்கவில்லை. அவர்கள் கண்முன் இருந்த 'பயனர்' கருவியில் ஆர்வமுள்ள ஓர் ஆண்.

அந்த ஆண் பிறகு நம் வீட்டுக்கும் வந்தார். 2018 ஜூனில் நியூயார்க் டைம்ஸ் ஒரு செய்திக் கட்டுரை வெளியிட்டது. ஒரு பெண் போட்ட ஏசி தானே அணைகிறது. இன்னொருத்தி வீட்டு வாசற்பூட்டின் எண் தினமும் மாறுகிறது. வேறொருத்திக்கு அழைப்பு மணி கேட்கிறது, திறந்தால் யாரும் இல்லை. வன்முறையிலிருந்து தப்ப உதவி எண்களை அழைத்த பெண்கள் சொன்னவை இவை. பெரும்பாலும் கருவியை நிறுவியவன், கணக்கைத் திறந்தவன், கடவுச்சொல் தெரிந்தவன் ஆண். வீட்டைவிட்டுப் போன பிறகும் வீடு அவன் விரலில் இருந்தது. நம் நாட்டில் 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டம், இல்ல உறவின் காரணமாக ஒரு பெண் பயன்படுத்த உரிமையுள்ள வசதிகளைத் தடுப்பதையும் கட்டுப்படுத்துவதையும் பொருளாதார வன்முறைக்குள் சேர்க்கிறது. அச்சட்டம் எழுதப்பட்டபோது கைபேசியிலிருந்து படுக்கையறை விளக்கை அணைப்பதை யாரும் மனத்தில் வைத்திருக்க மாட்டார்கள். சட்டத்தின் சொற்கள் அதற்கும் இடம் தருகின்றன என்றே வாசிக்கிறேன்.

குண்டூர் நாட்டுப் பக்கம் சமவெளிக்காரர் ஒருவரின் விடுமுறை வீட்டுக்குப் போக நேர்ந்தது. வீட்டைப் பார்த்துக்கொள்பவர் உள்ளூர் அக்கா ஒருவர். கூடத்தின் சுவரில் ஒரே ஒரு கண்ணாடித் தொடுதிரை. வேறு சுவிட்சு எதுவும் கிடையாது. அழகாகத்தான் இருந்தது. சமையலறை விளக்குக்கும் கூடத்துக்கு வந்து அந்தத் திரையைத்தான் தொட வேண்டும்.

"கை ஈரமா இருந்தா அது கேக்காதுங்க டீச்சர். மாவு ஒட்டியிருந்தாலும் கேக்காது. தொடச்சிட்டு வந்தா அதுக்குள்ள தெர தூங்கிப்போயிருக்கும். எழுப்புனா நம்பர் கேக்கும்."

"நம்பர் தெரியும்தானே?"

"சொல்லியிருக்காங்க. ஆனா மாத்தீர்றாங்களே."

ராத்திரி பத்துக்கு மேல் சமையலறையில் விளக்கு எரிந்தால் நகரத்திலிருந்து போன் வருமாம். ஏன் அக்கா லைட் எரியுது என்று. அதட்டலாகக் கேட்பதில்லை, தன்மையாகத்தான் கேட்பார்களாம். இணையம் அறுந்தால் மெழுகுவத்தி. அரிக்கேன் கண்ணாடி துடைத்த சிறுமி ஐம்பதை நெருங்கும்போது, விளக்கைப் போடுவதற்கு மலையடிவாரம் தாண்டி முந்நூறு கிலோமீட்டருக்கு அப்பால் அனுமதி கேட்க வேண்டியிருக்கிறது. அவரோடு பேசிக்கொண்டிருந்தபோதுதான் கொல்லிப்பாவை எனக்கு வேறு மாதிரி தோன்றியது. ஆள் வந்தால் சிரிக்க வேண்டும், இடத்தைக் காக்க வேண்டும், தன் விருப்பமென்று எதுவும் இருக்கக் கூடாது.

திரை ஈரக் கையைக் கேட்காததற்கு மாயம் ஒன்றுமில்லை. கண்ணாடிக்கடியில் மெல்லிய மின்புலம் இருக்கிறது. விரல் அதில் கொஞ்சத்தை இழுத்துக்கொள்வதை வைத்தே தொடுகை அறியப்படுகிறது. தண்ணீரும் அதையே செய்யும், அதனால் கருவி குழம்பும். காய்த்துப்போன, வறண்ட விரல்களும் எளிதில் பதிவதில்லை. ரேஷன் கடை விரல்ரேகைக் கருவியின்முன் நின்ற கூலிப் பெண்களுக்கு வேறு காரணத்தால் நேரும் அதே அவமானம் வீட்டுக்குள்ளும் வருகிறது. உழைக்காத விரலைத்தான் இந்தக் கருவிகள் விரல் என்று நம்புகின்றன. போகட்டும், இருட்டில் தடவிப் பார்த்தால் கண்ணாடியில் மேடு பள்ளம் இல்லை. பார்வையற்றவர்களும், நள்ளிரவில் எழும் பாட்டியும், தோளில் பிள்ளையைக் கிடத்தியிருப்பவளும் சுவரைத் தடவித்தான் சுவிட்சைக் கண்டுபிடிக்கிறார்கள்.

அப்படியானால் கம்பியிழுத்த சுவர்ப் பொத்தான் குற்றமற்றதா? அதையும் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும். கேஎன்எக்ஸ் போன்ற முறையில் எல்லாப் பொத்தான்களையும் மெல்லிய இரட்டைக் கம்பி ஒன்று இணைக்கிறது. அதில் ஓடுவது ஏறத்தாழ 30 வோல்ட்தான், தொட்டாலும் ஆபத்தில்லை. இணையம் வேண்டாம், வெளியூர் சர்வர் வேண்டாம். அது பெரிய விஷயம். 2016இல் ரிவால்வ் என்ற கருவியை வாங்கியிருந்தவர்கள், அதைக் கையகப்படுத்திய நிறுவனம் சேவையை நிறுத்தியதும் வெறும் பெட்டியோடு நின்றார்கள். 2022 ஏப்ரலில் இன்ஸ்டியான் நிறுவனத்தின் சர்வர்கள் முன்னறிவிப்பின்றி நின்றபோதும் அப்படியே. சுவருக்குள் ஓடும் கம்பிக்கு இந்தக் கதி இல்லை. ஆனால் கம்பி முறையில் பொத்தானுக்கும் விளக்குக்கும் நேரான தொடர்பு கிடையாது. எந்தப் பொத்தான் எதை இயக்கும் என்பது ஒரு கணினிக் கோப்பில் இருக்கிறது. நிறுவியவர் அந்தக் கோப்பைத் தராமல் போய்விட்டால், ஒரு விளக்கை மாற்றவும் அவரைத்தான் கூப்பிட வேண்டும். செலவும் சாதாரண ஒயரிங்கைப் போலப் பல மடங்கு. சுவர் பூசுவதற்கு முன்பே முடிவெடுக்க வேண்டும். கட்டி முடித்த வீட்டில் சுவரை உடைக்காமல் அதைக் கொண்டுவர முடியாது.

'காட்சி' என்று ஒன்றை விற்கிறார்கள். ஒரே பொத்தானில் பல வேலை. 'இரவு' என்று எழுதிய பொத்தானை அழுத்தினால் கூடம், சமையலறை, முற்றம் எல்லாம் ஒன்றாக அணையும், கதவு பூட்டிக்கொள்ளும். படுக்கையில் இருந்தபடியே ஒருவர் அதை அழுத்தும்போது இன்னொருத்தி பாத்திரம் கழுவிக்கொண்டிருப்பாள். எத்தனை மணிக்கு வீட்டுக்கு இரவு ஆகிறது என்பதை நிரல் எழுதும் நாளில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். அந்த நாளில் அவளைக் கேட்டிருக்க வேண்டும்.

எனக்குத் தெரிந்து இப்போதைக்குச் சரியான வழி சுவரிலிருந்து தொடங்குவது. ஒவ்வோர் அறையிலும் ஓர் அசல் பொத்தான். அழுத்தினால் அழுந்துவது தெரியவேண்டும், ஓசை வரவேண்டும், இணையமும் திரையும் செத்தாலும் விளக்கு எரியவேண்டும். திரையும் செயலியும் வேண்டுமென்றால் அதற்குமேல் வைத்துக்கொள்ளலாம். புது வீட்டில் பணம் இருந்தால் கம்பி முறை. பழைய வீட்டில், இருக்கும் சுவிட்சுக்குப் பின்னாலேயே பெட்டிக்குள் பொருத்தும் சிறு கட்டுப்பாட்டுக் கருவி போதும். சுவரில் தெரியும் சுவிட்சு அப்படியே இருக்கும். அந்தக் கருவிகள் பலவற்றுக்கும் பெட்டிக்குள் நியூட்ரல் ஒயர் வேண்டும். நம் ஊரில் சுவிட்சுப் பலகையிலேயே பிளக்கும் இருப்பதால் பெரும்பாலும் அது ஏற்கெனவே வந்திருக்கும். சமையலறையின் விளக்கு சமையலறையிலேயே, ஈரக் கைக்குப் புறங்கையாலோ முழங்கையாலோ தட்டும்படி. மாடிப்படியில் போடுகிற இருவழிச் சுவிட்சைப் படுக்கையின் இருபுறமும் போடச் சொல்லுங்கள். ஒருபுறம் மட்டும் இருந்தால் அது எந்தப் புறம் என்று உங்களுக்கே தெரியும். உட்கார்ந்து வேலை செய்பவர் இருக்கும் வீட்டில் மூன்றடி உயரத்தில் ஒன்று. பொத்தானில் எழுத்துத் தமிழில் இருந்தால் வீட்டு வேலைக்கு வரும் அம்மாவும் படிப்பார். வேலைக்கு வருபவருக்குத் தனிக் கணக்கு, தன் எண், தன் அனுமதி என்று திறந்துதர முடியும், பலர் செய்வதில்லை. ஒப்படைக்கும் நாளில் நிரல் கோப்பும் முதன்மைக் கணக்கின் கடவுச்சொல்லும் வீட்டில் வாழும் இரண்டு பேரிடமாவது எழுத்தில் இருக்க வேண்டும். வீட்டைவிட்டு ஒருவர் போகும்போது பூட்டை மாற்றுவதைப் போல அதையும் மாற்ற வேண்டும்.

இதற்கெல்லாம் பூச்சுக்கு முன் ஒரு நாள் இருக்கிறது. எலெக்ட்ரீஷியன் சாக்பீஸால் சுவரில் சதுரம் சதுரமாகப் போட்டுக்கொண்டே வருவார். வீட்டுக்காரம்மா பக்கத்தில் நின்றாலும் "சார் எப்ப வருவாரு?" என்றுதான் கேட்பார். சார் வருவதற்குள் அம்மா சாக்பீஸை வாங்கி நான்கைந்து சதுரங்களை இடம் மாற்றிய வீடுகளும் உண்டு. அவற்றில் இருட்டில் தடுமாறுவது குறைவு.

அந்த விடுமுறை வீட்டைப் பற்றி மேலும் கொஞ்சம் தெரிந்தது. ஐப்பசி இடியில் திரை கருகிவிட்டது. மாற்றுத் திரை நகரத்திலிருந்து வர வாரக்கணக்கில் ஆனது. செம்மேட்டிலிருந்து ஒயர்மேன் வந்து, வண்ணம் பூசிய சுவரின்மேலேயே வெள்ளைப் பட்டையில் ஒயர் இழுத்து, சமையலறை வாசலில் இரண்டு பியானோ சுவிட்சும் ஒரு பிளக்குமாகப் பலகை மாட்டிப் போனார். புதுத் திரை வந்து பொருத்தியாயிற்று. பலகை பார்க்க அசிங்கமாக இருக்கிறது, எடுத்துவிடலாம் என்றாராம் உரிமையாளர். அக்கா அது இருக்கட்டும் என்று கேட்டிருக்கிறார். பதில் இன்னும் வரவில்லை.